இரவல் வாங்கிய ஆறு கதிரைகள்

தம்பி,

"நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கிப் பழகிய கை இது. இன்றைக்கும் பேனையை எடுத்தவுடன் அதைத்தான் எழுதப் போனது. எழுதினால் முதல் வரியிலேயே பொய் வந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டேன். போனில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். எத்தனையோ முறை வாயைத் திறந்தேன். "அம்மா, சாப்பிட்டீங்களோ" என்று நீ கேட்டவுடன், சாப்பிட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். இருபத்தைந்து வருடம் பாலர் பாடசாலையில் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நான். எழுத்தில்தான் எனக்குத் துணிவு வரும். ஆகவே ஆறுதலாக இருந்து வாசி. வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் நின்றுகொண்டு வாசிக்காதே.

சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் முடிவதற்குள் நீ ஒரு கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். "என் பெற்றோருக்கு நான் பணம் அனுப்புவதில்லை. அனுப்பக்கூடிய நிலையிலும் நான் இல்லை" என்று அதில் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். அது வந்தால்தான் அப்பாவைக் கழுவித் துடைத்துப் பார்க்க அரசாங்கச் செலவில் ஓர் ஆள் வீட்டுக்கு வருவார். வாசித்தவுடன் உன் முகம் சுருங்கியிருக்கும். கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும் உனக்கு. அது என்னிடமிருந்து வந்ததுதான். கொஞ்சம் பொறு ராசா. இந்த நிலைக்கு நான் எப்படி வந்தேன் என்று முழுவதும் கேள்.

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது உனக்குத் தெரியும். "இப்ப நல்ல சுகம், நடைதான் கொஞ்சம் தளர்வு" என்று நான் சொன்னதும் உனக்குத் தெரியும். அதுவும் பொய். அப்பா நடப்பதில்லை. வலப்பக்கம் கையும் காலும் அசையாது. வாய் கோணிப் போனதால் பேச்சும் குழறும். பழகிய காதுக்குத்தான் விளங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வீடியோவில் வருவதற்கு முன் இந்த வீட்டில் நடப்பது பெரிய நாடகம். முகச்சவரம் செய்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, முதுகுக்கு மூன்று தலையணை அடுக்கி, சரிந்துவிடாமல் என் பழைய சேலையால் இடுப்பைக் கட்டில் சட்டத்தோடு கட்டிவிடுவேன். நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரியும்படிதான் போனைப் பிடிப்பேன். "அப்பா நல்லா வெளிச்சிட்டார் என்ன" என்று போன மாதம் நீ சந்தோஷப்பட்டாய். அது என்னுடைய பவுடர். இடுப்பில் அப்பாவுக்குப் படுக்கைப் புண் வந்துவிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பிப் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு அறுபத்தேழு வயது. என் முழங்காலும் இடுப்பு நாரியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று உனக்கு நான் சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் விதானையார் சொல்லி அந்தத் திட்டத்தைக் கேள்விப்பட்டேன். (கிராம சேவகர் என்று பலகையில் எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் இன்னும் விதானையார்தான்.) படுக்கையில் கிடக்கிற முதியவர்களை வீட்டில் வைத்தே பார்ப்பதற்குப் பயிற்சி எடுத்த ஒருவரை வாரத்தில் மூன்று காலை அனுப்புவார்களாம். குளிக்க வார்ப்பார், புண்ணுக்கு மருந்து கட்டுவார், கை கால் பயிற்சி கொடுப்பார். குடும்பம் ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் எல்லோருக்கும் கொடுக்க ஆட்கள் இல்லை. ஆகவே வசதி பார்த்துத்தான் தெரிவு. வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். வருமானம் என்ன, காணி இருக்கிறதா, வீட்டில் என்ன சாமான், பிள்ளைகள் உதவுகிறார்களா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் புள்ளி போடுவார்கள். புள்ளி கூடினால் வசதியானவர், பெயர் வெட்டுப்படும். எனக்கு அந்த விதியில் ஒரு குறையும் தெரியவில்லை. இருப்பவன் எடுத்தால் இல்லாதவனுக்கு எங்கே மிஞ்சும்?

உத்தியோகத்தர் வியாழக்கிழமை வருவார் என்று செய்தி வந்தது. தம்பி, உன் அம்மா என்ன செய்திருப்பாள்? சொல் பார்ப்போம். ஓம். புதன்கிழமையே வீட்டைக் கழுவினேன். பக்கத்து வீட்டுப் பரீதா மாமியிடம் மதிலுக்கு மேலால் கதைத்து, அவள் மகளின் கலியாணத்துக்கு எடுத்த தேக்குக் கதிரை ஆறையும் இரவல் வாங்கினேன். "ஏங்கா, ஒரு ஆள் இருக்க ஆறு கதிரையா?" என்று கேட்டுக்கொண்டேதான் தூக்கித் தந்தாள். அலுமாரியில் இருந்த பூப்போட்ட கோப்பைகளை இறக்கினேன். கேக்கும் சோடாவும் எடுப்பித்தேன். அடைவுகடையில் இருக்கிற சங்கிலிக்குப் பதிலாகக் கவரிங் சங்கிலியைப் புளி போட்டு மினுக்கிக் கழுத்தில் போட்டேன். அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார், அவரை உடைந்த பிளாஸ்டிக் கதிரையிலா இருத்துவது? வந்தாரை வரவேற்கிற ஊர்க்காரர் நாங்கள். நம் வீட்டு நிலவரம் பார்க்கத்தான் அவர் வருகிறார் என்பது என் புத்திக்கு ஏறவேயில்லை.

வந்தது ஒரு சின்னப் பெண். உன்னைவிட இளையவள், கந்தளாய்ப் பக்கம் ஊர். வெயிலில் வந்த முகம். கேக்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை விரித்தாள்.

"காணி பூமி ஏதும் இருக்கோ அம்மா?"

"ஓம் மகள். சம்பூரில ரெண்டு ஏக்கர். நல்ல வயல்."

நல்ல வயல்! சண்டையில் நாங்கள் அந்த ஊரைவிட்டு ஓடி வந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. திரும்பிக் கிடைத்தபோது கிணறு தூர்ந்து, வேலி போய், வரம்பு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது. அப்பா ஒரு போகம்கூட விதைக்கவில்லை, அதற்குள் விழுந்துவிட்டார். ஆனால் வயல் என்றால் என் கண்ணுக்குள் பழைய வயல்தானே நிற்கிறது? அதைத்தான் சொன்னேன். பிரிட்ஜைப் பார்த்தாள். "ஓம், எங்கடதான்" என்றேன். அது வேலை செய்யாது. அதற்குள் அப்பாவின் கட்டில் விரிப்புகளை எலி கடிக்காமல் அடுக்கி வைத்திருக்கிறேன். திறந்து காட்டவில்லை. கடைசியாகக் கேட்டாள்.

"மகன் வெளிநாட்டில எண்டு இருக்கு. காசு அனுப்புறவரோ?"

அப்பா கட்டிலில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "ஓம் மகள், மாசா மாசம் அனுப்புவார். கேக்க முதலே அனுப்பிப் போடுவார். அவரால எங்களுக்கு ஒரு குறையும் இல்லை."

இரண்டு வருடமாக நீ ஒன்றும் அனுப்பவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை ராசா. தொழிற்சாலையில் உன்னை வேலையிலிருந்து நிறுத்தினதும், இப்போது களஞ்சிய வேலையில் கூப்பிடுகிற நாளுக்கு மட்டும் போகிறதும், ஓர் அறையில் நாலு பேராக இருக்கிறதும் எனக்குத் தெரியும். உன் கூட்டாளியின் தாய் சந்தையில் வைத்துச் சொன்னார். "அடுத்த மாசம் அம்மா, அடுத்த மாசம் கட்டாயம்" என்று நீ சொல்லும்போதெல்லாம், "எங்களுக்கென்னடா, நாங்கள் நல்லா இருக்கிறம்" என்று நான் சொல்லுவேன். நீயும் நம்புவதுபோல் இருப்பாய், நானும் நம்புவதுபோல் இருப்பேன். பின்னேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வரும் காசில்தான் சமையல். அப்பாவிடம், "தம்பி அனுப்பினவன்" என்று சொல்லித்தான் ஆப்பிள் வாங்கிக் கொடுப்பேன்.

மூன்று கிழமை கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் பெயர் வெட்டுப்பட்டிருந்தது. காரணம்: வருமானம் போதுமானது, வெளிநாட்டிலுள்ள மகனின் ஆதரவு உண்டு. இதை உன்னிடம் ஒளிக்க மாட்டேன்: அதை வாசித்தபோது ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. பத்துப் பேர் வாசிக்கிற பலகையில் என் மகனைப் பற்றி நல்ல செய்தி! வீட்டுக்கு வரும் வழியில் பாதித் தெருவில்தான் புத்தியில் உறைத்தது. அப்பாவைப் பார்க்க இனி ஒருவரும் வரப்போவதில்லை.

அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை, காலையில் அப்பாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது என் பிடி விட்டுவிட்டது. ஆள் நிலத்தில். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. ஆனால் தூக்க என்னால் ஏலாது. கைக்குள் கை கொடுத்துப் பார்த்தேன், சேலையைப் போட்டு இழுத்துப் பார்த்தேன். ஒரு சாண் நகரவில்லை. பரீதா வீட்டில் எல்லோரும் கிண்ணியாவுக்கு, யாரோ இறந்த மௌத்து வீட்டுக்குப் போயிருந்தார்கள். வாசல் கேற்றடியில் நின்று கத்தினேன், தெருவில் ஒரு குஞ்சு இல்லை. பிறகு என்ன செய்ய? தலைக்குத் தலையணை வைத்து, புட்டையும் வாழைப்பழத்தையும் குழைத்துக் கொண்டுவந்து, நிலத்தில் பக்கத்தில் இருந்து ஊட்டினேன். அழுகை வந்தது. அடக்கவில்லை, நன்றாக அழுதேன். அப்பா இடக்கையால் என் முழங்காலைத் தட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"கதிரையள் எல்லாம் திருப்பிக் குடுத்திட்டியோ?"

அந்த நேரத்திலும் மனுசனுக்குப் பகிடி. அழுகையோடு சிரிப்பும் வந்து எனக்குப் புரைக்கேறிவிட்டது. மீன்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் அப்படியேதான் இருந்தோம். அவர்தான் கையைக் கழுவிவிட்டு வந்து அப்பாவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார். துறைமுகத்தில் மூடை மூடையாகக் கப்பல் சாமான் இறக்கிய உடம்பு அது. இப்போது ஒரு மீன்காரரின் தோளில் தொங்கியது.

அடுத்த நாளே விதானையாரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தலையில் கைவைத்துக்கொண்டார். "என்ன ரீச்சர் இது! கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை எண்டால் நான் என்ன செய்யிறது? மோட்டச்சைக்கிளை மாமியார் வீட்டில ஒளிச்சுப்போட்டு ஒண்டும் இல்லையெண்டு சொல்லுற ஆக்களைத்தான் நான் இவ்வளவு நாளும் கண்டனான்." உண்மைதான். இருப்பதை ஒளிக்கிறவர்களைப் பிடிக்கத்தான் அந்தப் படிவத்தைச் செய்திருக்கிறார்கள். இல்லாததை ஒளிக்கிற ஒருத்தியை அது எப்படிப் பிடிக்கும்? மேன்முறையீடு செய்யலாம், மறுபடி வந்து பார்ப்பார்கள் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "மகன் அனுப்பேல்லை எண்டதை மகனே எழுதித் தந்தால்தான் அவையள் ஏற்பினம் ரீச்சர். முதல் சொன்னதும் நீங்கள்தானே, இப்ப மாத்திச் சொல்லுறதும் நீங்கள்தானே" என்றார்.

திரும்பி வரும்போது எனக்கு உன்னுடைய சப்பாத்து ஞாபகம் வந்தது. உனக்கு மறந்திருக்காது. இடம்பெயர்ந்து இந்த அன்புவழிபுரத்துக்கு வந்த வருடம், வருமானம் குறைந்த பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் உடுப்பும் தருவதற்குப் பாடசாலையில் ஒரு படிவம் தந்தார்கள். தகப்பனின் வருமானம் எழுதித் தாய் ஒப்பம் வைக்க வேண்டும். அப்பாவுக்கு அப்போது துறைமுகத்தில் கொந்தராத்து வேலை. கப்பல் வந்தால் சம்பளம், வராவிட்டால் இல்லை. நாங்கள் முழுத் தகுதியான குடும்பம். நான் அந்தப் படிவத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். முகாமில் தட்டோடு வரிசையில் நின்றது போதும், இனி ஒரு கடதாசியிலும் "இல்லை" என்று எழுத மாட்டேன் என்று எனக்கு வீம்பு. நீ பழைய சப்பாத்தின் முன்பக்கத்தை வெட்டி, விரல் வெளியே தெரிய, அந்த வருடம் முழுவதும் போட்டாய். ஒருநாள், "கால் நோகுதோடா?" என்று கேட்டேன். "இல்லையம்மா, காத்து நல்லாப் போகுது" என்றாய். எவ்வளவு நல்ல பிள்ளை என்று நான் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். வெட்கமாக இருக்கிறது தம்பி. அன்றைக்கு உனக்கு நான் பழக்கியதைத்தான் இன்றைக்கு நீ அந்தக் குளிர் நாட்டிலிருந்து எனக்குத் திருப்பிச் சொல்கிறாய்.

அரிசிப் பானை காலியானாலும் "இல்லை" என்று சொல்லக்கூடாது, "வாங்கவேணும்" என்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வீட்டில் லட்சுமி இருக்கட்டும் என்பதற்காகச் சொன்னது. அரிசிக்கு அது சரி. நான் அதை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டேன். சுகம் இல்லை, காசு இல்லை, பலம் இல்லை என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தால் எல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். உனக்கு ஒரு புத்தி சொல்லத் தாய் என்ற உரிமையில் இடம் இருக்குமென்றால் இதைத்தான் சொல்லுவேன்: பானைக்கு "இல்லை" என்று சொல்லாதே, மனிதர்களுக்குச் சொல். கேட்கிறவர்கள் உதவி செய்ய வந்தவர்கள் என்றால் அவர்களுக்குக் கட்டாயம் சொல்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்தாள். இந்த முறை நான் கூட்டக்கூட இல்லை. இருக்கிற ஒரே கதிரையில் அப்பாவைத் துடைக்கிற பேசின் இருந்தது. அதை இறக்கப் போனேன். "பரவாயில்லை அம்மா" என்று அவள் கட்டிலின் ஓரத்திலேயே இருந்துவிட்டாள். புண்ணைக் காட்டினேன். முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள். பிரிட்ஜைத் திறந்து காட்டினேன். மடித்த விரிப்புகளைப் பார்த்துவிட்டு, "முதல் வந்தபோது ஏனம்மா இதைச் சொல்லேல்லை?" என்றாள். "வெட்கம் மகள்" என்றேன். வேறு என்ன சொல்ல? காணியைப் பற்றியும் உள்ளதைச் சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"மகன் காசு அனுப்புறவரோ?"

இரவு முழுக்கச் சொல்லிப் பார்த்துப் பழகின பதில்தான். ஆனால் சுவரில் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பேனையைப் பிடித்தபடி காத்திருந்தாள். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"இல்லை. ரெண்டு வருசமா இல்லை."

அப்பாவுக்குத் தெரியும், தம்பி! ஆப்பிள் யாருடைய காசு என்று முதல் நாளே தெரிந்திருக்கிறது. எனக்காகத் தெரியாததுபோல் சாப்பிட்டிருக்கிறார். அவள் எழுதத் தொடங்கினாள். அப்பா இடக்கையை நீட்டிப் படிவத்தைத் தட்டினார்.

"நல்ல பிள்ளை. அதையும் எழுதுங்கோ."

குழறலில் அவளுக்கு விளங்கவில்லை. நான்தான் திருப்பிச் சொன்னேன். "மகன் நல்ல பிள்ளையாம். அதையும் எழுதட்டாம்." அவள் படிவத்தை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயா, இதில அதுக்கு ஒரு கட்டமும் இல்லை" என்றாள்.

"அப்ப பின்பக்கத்தில எழுதுங்கோ."

அவள் தாளைத் திருப்பி ஏதோ எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. போகும்போது தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள், கைபிடி உடைந்த கோப்பையில்.

உன் கடிதம் மட்டும்தான் இனிக் குறை. மாத முடிவுக்குள் வராவிட்டால் அடுத்த வருடம்தான் மறுபடி பார்ப்பார்களாம். அப்பாவின் இடுப்பு அதுவரை தாங்காது, என்னுடையதும் தாங்காது. "பணம் அனுப்பவில்லை" என்று உன் கையால் எழுத உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல முடியாமல் நின்றவள் நான்தானே. ஆனால் அந்த ஒரு வரி, நீ இவ்வளவு காலம் அனுப்பிய எல்லாக் காசையும்விட அப்பாவுக்கு உதவும். அதை எழுதி அனுப்பினால், அப்பாவை நீயே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியதுபோல் நான் எடுத்துக்கொள்ளுவேன். பரீதா மாமிக்கு இதை வாசித்துக் காட்டினேன். "ஊருக்கே வாசிச்சுக் காட்டுகா, நம்மட தெருவில கனபேருக்குத் தேவை" என்றாள். காட்டுவேன். எனக்கு இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வா. சவரம், பவுடர், வெள்ளைச் சேட்டு ஒன்றும் இருக்காது. போனை நெஞ்சளவில் பிடிக்க மாட்டேன். கட்டில் முழுவதையும் காட்டுவேன். நீ பயப்படக்கூடாது, அழுதால் பரவாயில்லை. பிறகு நீயும் உன் போனைத் திருப்பு. நாலு பேர் படுக்கிற அந்த அறையை, உன் மெத்தையை, நீ சமைக்கிற அடுப்பை எங்களுக்குக் காட்டு. இரண்டு வருடமாக நாங்கள் உன் முகத்தை மட்டும்தான் பார்க்கிறோம். அப்பா உன் கால்களைப் பார்க்க வேண்டுமாம், நீ இப்போது என்ன சப்பாத்துப் போடுகிறாய் என்று.

அம்மா